வேலிக்குள் வந்த விருந்தாளி

சென்னைக்குக் குளிர்காலம் உண்டா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் வடக்கே போய் வந்தவர்களாகவே இருப்பார்கள். டில்லியில் ஒரு ஜனவரி மாதத்தைக் கழித்துவிட்டு வந்த நண்பர் ஒருவர், மார்கழிக் காலையில் காதை மூடிக் குல்லாய் மாட்டிக்கொண்டு பால் வாங்கப் புறப்படும் நம்மவர்களைக் கண்டு விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவர் சிரிப்பில் நியாயம் இல்லாமலில்லை. நுங்கம்பாக்கத்தில் வானாராய்ச்சி நிலையம் ஏற்பட்டது 1792-ஆம் ஆண்டில். அளந்து எழுதி வைத்த கணக்குகளைப் பார்த்தால், இந்த நகரம் கண்ட கடுங்குளிர் 13.9 டிகிரிதான். 1895 டிசம்பரில் ஒரு நாளும், 1905 ஜனவரியில் ஒரு நாளும் அந்த அதிசயம் நிகழ்ந்தது. மற்றபடி தை மாதத்து விடியற்காலையில் 20 டிகிரிக்கு ஒன்றிரண்டு முன்பின்னாக இருக்கும். பின்லாந்து தேசத்தார் இதைக் கோடைக்காலம் என்று சொல்லி, சட்டையைக் கழற்றிவிட்டு வெயில் காய்வார்கள்!

ஆனால், குளிர்காலத்தை உஷ்ணமானியைக் கொண்டுதான் அறிய வேண்டும் என்று எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது? நம் முன்னோர் வருஷத்தை ஆறாகப் பகுத்தபோது, பனிக்கு மாத்திரம் இரண்டு பங்கு ஒதுக்கினார்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. இரவின் முற்பகுதியிலேயே பனி இறங்கிவிட்டால் அது முன்பனி. பின்னிரவில் மட்டும் இறங்கினால் பின்பனி. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்தவர்கள் நிச்சயமாக வீட்டுக்குள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு படுத்திருந்தவர்கள் அல்ல. இரவில் எப்போது புல் நனைகிறது என்று கொல்லையில் நின்று பார்த்தவர்கள்.

நாமும் பெருங்குடியில் ஒரு பழைய வீட்டின் கொல்லைப்புறத்தில் நின்று பார்த்து வருகிறோம். பார்த்த மட்டில் நமக்குத் தோன்றியது இது: இந்த ஊரில் குளிர்காலம் காற்றோடு வருவதில்லை, தண்ணீரோடு வருகிறது. தண்ணீரைத் தேடி விருந்தாளிகள் வருகிறார்கள். தண்ணீர் வற்றும்போது அவர்களோடு குளிர்காலமும் புறப்பட்டுவிடுகிறது.

பெருங்குடியை அறியாத நேயர்களுக்கு இரண்டு வார்த்தை. ஊருக்குக் கிழக்கே பக்கிங்ஹாம் கால்வாய். அதற்கப்பால் கொட்டிவாக்கமும் பாலவாக்கமும் கடலும். மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம். பழைய மனிதர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். நடுவே பழைய மகாபலிபுரம் சாலை, கண்ணாடி மாளிகைகளோடு நெடுக நிற்கிறது. 2011-ஆம் ஆண்டில் மாநகராட்சியுடன் சேரும் வரையில் இது தனி ஊர். வயலும் ஏரியும் நிறைந்த ஊராக இருந்ததை நினைவு வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நமது கொல்லைக்கும் அந்தக் கழுவெளிக்கும் இடையே எத்தனை தெருக்கள், எத்தனை சுவர்கள் வந்துவிட்ட போதிலும், மண்ணுக்கு அடியில் இரண்டும் ஒன்றே. இதற்குச் சாட்சி நம் உறைகிணறு.

ஐப்பசி பிறக்கும்போது கிணற்றில் பதினோராவது உறைக்குக் கீழே தண்ணீர் கிடக்கும். வாளி இறங்குகிற சத்தம் வெகுநேரம் கேட்கும். சென்னைக்கு வருஷத்தில் பெய்யும் மழை ஏறக்குறைய 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவக்காற்று இந்த இரண்டரை மாதத்தில் கொண்டுவந்து கொட்டுவது. இரண்டு பெருமழை பெய்ததும் கிணறு மூச்சுவிடத் தொடங்குகிறது. ஒன்பதாவது உறை, ஏழாவது உறை என்று ஏறி, கார்த்திகைத் தீபத்தன்று மூன்றாவது உறையில் வந்து நிற்கிறது. வீட்டுக் குழந்தைகள் எட்டிப் பார்த்து முகம் தெரிகிறது என்று கூவுகிறார்கள். தெருவில் பெய்த மழை மட்டும் அதை இப்படி உயர்த்திவிடாது. ஏறக்குறைய 250 சதுர கிலோமீட்டர் பரப்பிலுள்ள ஏரிகளின் உபரி நீரெல்லாம் வந்து சேருமிடம் அந்தக் கழுவெளி. அது நிரம்பினால்தான், ஒக்கியம் மடுவு வழியாக மிச்சம் வழிந்து, பக்கிங்ஹாம் கால்வாயில் கலந்து, கோவளத்தருகே கடலைச் சேரும்.

முதல் மழைக்கு மறுநாள் கொல்லைக்குப் போனால், அத்தனை காலம் எங்கே ஒளிந்திருந்தார்கள் என்று வியக்கும்படி ஒரு ஜனக்கூட்டம். துவைக்கிற கல்லின் மேல் மரவட்டைகள் ரயில் வண்டிகளைப் போல் போகின்றன. தொட்டால் ரயில் சுருண்டு காலணாவாகிவிடும். முருங்கை மரத்தின் அடிப்பக்கம் ஒரு முழ நீளத்துக்குக் கம்பளி போர்த்தியது போல் தோன்றுகிறது. கம்பளி அல்ல, கம்பளிப் பூச்சிகள்! குளிருக்கு முன்னெச்சரிக்கையாகப் போர்த்திக்கொண்டிருப்பவை இந்த ஊரில் அவை மட்டும்தான் என்று எண்ணினால், காதுக் குல்லாய் நண்பர்களின் ஞாபகம் வருகிறது. இரவில் தவளைகளின் கச்சேரி. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் டிசம்பரில் சபாக்கள் திறப்பதற்கு ஒன்றரை மாதம் முன்பே பெருங்குடியில் ஸீஸன் தொடங்கிவிடுகிறது. 1927-இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையை ஒட்டி நடந்த சங்கீத மகாநாடுதான் மறு வருஷம் சங்கீத வித்வத் சபை பிறக்கக் காரணமாயிற்று என்பார்கள். நமது தவளைகளின் சபை அதற்கு எத்தனை ஆயிரம் வருஷம் மூத்ததோ!

மழை விட்ட மாலைகளில், கொல்லைக்கு மேலே ஆள் உயரத்தில் மஞ்சள் தும்பிகள் நூற்றுக்கணக்கில் வட்டமிடும். பிள்ளைகள் அதன் வாலில் நூல் கட்டுவதற்குத் துரத்துகிறார்கள். அந்தத் தும்பியின் சரித்திரம் தெரிந்தால் நூலைக் கீழே போட்டுவிடுவார்கள். மாலத்தீவில் வாழ்ந்த சார்லஸ் ஆண்டர்ஸன் என்ற உயிரியல் அறிஞர், குடிக்க நல்ல தண்ணீர்க் குட்டைகூட இல்லாத அந்தத் தீவுகளில் வருஷந்தோறும் அக்டோபர் முதல் தும்பிகள் வந்து இறங்குவதைப் பல ஆண்டுகள் குறித்து வைத்தார். அவை இந்தியாவிலிருந்து காற்றின் போக்கில் கிளம்பி, சமுத்திரத்தைத் தாண்டி, கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன என்று 2009-இல் எழுதினார். இரண்டு அங்குல நீளப் பூச்சி! அதன் பேரப்பிள்ளைகள் அடுத்த பருவக்காற்றில் திரும்பி வருமாம். நம் கொல்லையில் பறப்பதும் அந்த ஜாதியே. இது ஆப்பிரிக்கா போகிறதா, வேளச்சேரியோடு நின்றுவிடுகிறதா என்று அதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

இனி நம் முக்கியமான விருந்தாளியிடம் வருவோம்.

கொல்லையின் கீழ்ப்பக்கம் நமக்கும் அடுத்த வீட்டுக்கும் பொதுவாக ஓர் உயிர்வேலி இருக்கிறது. மருதாணியும் நொச்சியும் நெருங்கி வளர்ந்து, மேலே கோவைக்கொடி படர்ந்து, கை நுழையாதபடி பின்னிக் கிடக்கும். ஒவ்வொரு புரட்டாசிக் கடைசியிலும் அந்த வேலிக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கத் தொடங்குகிறது. டக்... டக்... டக். இரண்டு கூழாங்கற்களை யாரோ ஒருவர் பொறுமையாகத் தட்டுவது போன்ற சத்தம். கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து உள்ளே வைத்துவிட்டார்களோ என்று தோன்றும். நாள் முழுவதும் கேட்கும். ஆளைப் பார்க்க வேண்டுமானால் பொறுமை வேண்டும். கால் மணி நேரம் அசையாமல் நின்றால், ஓர் இலை ஆடும். அதன் பின்னால் சிட்டுக்குருவியிலும் சிறியதாக, மண் நிறத்தில், கூரிய மூக்கோடு ஏதோ ஒன்று ஒரு நொடி தோன்றி மறையும். அழகு என்று சொல்ல அதனிடம் ஒன்றுமே கிடையாது. மயில் கண்ணோ, கிளிப் பச்சையோ, மாங்குயில் மஞ்சளோ, எதுவும் இல்லை.

எடை பத்துப் பன்னிரண்டு கிராம். ஒரு தபால் கவரில் வைத்து அனுப்பினால் சாதாரணத் தலையே போதும். இந்தப் பக்ஷி கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பது பின்லாந்திலும், ரஷ்யாவிலும், கஜகஸ்தானத்திலும், சைபீரியாவிலும். அங்கே உறைபனி விழுவதற்கு முன் கிளம்பி, நாலாயிரம் ஐயாயிரம் கிலோமீட்டர் பறந்து இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. ஐரோப்பாவில் பிறந்த மற்றப் பறவைகள் பல குளிருக்கு ஆப்பிரிக்காவை நாட, இது மட்டும் தென்கிழக்கே திரும்பி நம்மை நாடுகிறது. பறவை நூல்களில் இதற்கு பிளைத் நாணல் கதிர்க்குருவி என்று பெயர். எட்வர்டு பிளைத் என்பவர் கல்கத்தாவில் ஆசியக் கழகத்தின் பொருட்காட்சிசாலையைக் கவனித்துவந்த ஆங்கிலேயர். 1849-இல் அவர்தாம் இதை முதன்முதலில் விவரித்து எழுதினார். பெயரில் நாணல் இருந்தாலும் அதற்கு அவர் இட்ட லத்தீன் பெயருக்குப் புதர்களுக்குரியது என்றே பொருள். நாணலைக் காட்டிலும் மருதாணி வேலியிலேயே அதற்கு மோகம் என்பதை நம் கொல்லையைப் பார்த்தவர்கள் ஒப்புவார்கள்.

பிளைத் துரையும் லத்தீனும் வருவதற்கு முன்னே இதைப் பற்றி அறிந்தவர்கள் நம் தெருவிலேயே இருந்திருக்கிறார்கள். கீரை விற்க வரும் ஆயா ஒருத்தி, எண்பது வயதுக்கு மேலிருக்கும், இந்த ஊரில் பிறந்து இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள். நாம் வேலியருகே சிலைபோல் நிற்பதைப் பார்த்துக் கூடையை இறக்கினாள்.

"என்னா பாக்கறே, தம்பி? அந்தத் தட்டற குருவியவா?"

"ஆமாம், ஆயா. உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்னா! அது நம்ம ஊரு குருவி இல்லே. ஏரி ரொம்பினா வரும். மாங்கா கொட்டை புடிச்சா பூடும்."

இவ்வளவுதான் அவள் சொன்னது. புரட்டாசி, சித்திரை என்று மாதம் குறித்து நாம் எழுதிவைத்த இரண்டு குறிப்பேடுகளும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லிவிடவில்லை. ஏரி நிரம்புவதும் மாங்காய் கொட்டை பிடிப்பதும் வருஷத்துக்கு வருஷம் முன்பின்னாக மாறும். ஆகவே பஞ்சாங்கத்தைவிட அவளுடைய கணக்கே நம்பத்தக்கது.

இப்படிக் கொல்லையைப் பார்ப்பதையே பெரிய காரியமாக வைத்துக்கொண்டிருந்த ஒருவர் இந்த நகரத்தில் வாழ்ந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன். மயிலாப்பூரில் இருந்துகொண்டு, கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950-ஆம் ஆண்டு தொடங்கி 1996-இல் காலமாகும் வரையில், 46 ஆண்டுகள் இடைவிடாமல் இயற்கையைப் பற்றி எழுதினார். காட்டு யானையைப் பற்றி எழுதிய அதே கையால் வீட்டுக் காக்கையையும் அணிலையும் பல்லியையும் பற்றி எழுதினார். எதையும் அற்பமென்று தள்ளவில்லை. தமிழிலும் நிறைய எழுதியிருக்கிறார். தேடிப் படிக்கும்படி நேயர்களுக்குச் சிபாரிசு செய்கிறோம்.

மார்கழியில் மழை ஓய்ந்து பனி தொடங்குகிறது. அதிகாலையில் கொல்லைக் கதவைத் திறந்தால், அதுவரையில் கண்ணுக்குத் தெரியாமல் இருந்த சிலந்தி வலைகளெல்லாம் பனித்துளி கோத்துத் தெரிகின்றன. வேலிக்கும் துணி உலர்த்தும் கம்பிக்கும் நடுவே ஒருத்தி வலை கட்டி, நடுவில் வெள்ளை நூலால் பெருக்கல் குறி ஒன்று போட்டு, அதன் நாலு கைகளிலும் இரண்டிரண்டு காலை வைத்துத் தலைகீழாகத் தொங்குகிறாள். வாசலில் நம் வீட்டுப் பெண்கள் புள்ளி வைத்துக் கோலம் போடும் அதே வேளையில் கொல்லையில் இவள் போடுகிறாள். வாசல் கோலத்தை எறும்பு தின்கிறது. கொல்லைக் கோலம் எறும்பைத் தின்கிறது. கோலத்தின் நடுவே சாணியில் செருகுவதற்குப் பூசணிப்பூ வேண்டுமே! குப்பைக்குழி ஓரத்துப் பூசணிக்கொடி அதற்காகவே மார்கழியில் பூக்கிறது. பறிக்கும்போது உள்ளே தேனீ இருக்கிறதா என்று பார்த்துப் பறிப்பது நலம். டிசம்பர் பூ வேலியோரத்தில் ஊதாவாக விரிகிறது. பவழமல்லி இரவெல்லாம் மலர்ந்து விடியுமுன் உதிர்ந்துவிடுவதால், அதைத் தரையில்தான் தரிசிக்க வேண்டியிருக்கிறது. கறிவேப்பிலைச் செடியில் காக்கை எச்சம் போல் ஒட்டிக்கொண்டிருப்பதைத் துடைக்கப் போகாதீர்கள். அது ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் குழந்தை. பறவைகள் தின்னாமலிருக்க எச்சமாக வேஷம் போட்டிருக்கிறது.

இரண்டொரு வருஷத்துக்கு ஒரு முறை வேறொரு விருந்தாளியும் எட்டிப் பார்ப்பதுண்டு. ஆறுமணிக் குருவி. இமயத்தின் அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இரவில் பறந்து தெற்கே வருவது. காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் இந்தப் பெயர். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று வண்ணங்களையெல்லாம் வாரிப் பூசிக்கொண்டிருக்கும். வந்து இறங்கும் நாட்களில் களைப்பினால் திசை தெரியாமல் நகரத்து வீடுகளின் குளியலறையிலும் மாடி முகப்பிலும் விழுந்து கிடக்கும். அப்படிக் கண்டால் ஓர் அட்டைப் பெட்டியில் இருட்டாக வைத்து, பூனைக்கு எட்டாமல் காத்து, மாலையில் மரத்தடியில் விட்டுவிட்டால் போதும். தன் வழியைத் தானே பார்த்துக்கொள்ளும்.

போகியன்று மட்டும் கொல்லைக்குப் போக முடிவதில்லை. பழையன கழிதல் என்ற பெயரில் ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கொளுத்தி, பனியோடு புகையைக் கலந்து, எதிர்வீடு தெரியாமல் செய்துவிடுகிறோம். 2018-ஆம் ஆண்டுப் போகியில் மீனம்பாக்கத்தில் ஆகாய விமானங்கள் இறங்க முடியாமல் தவித்தன. ஐயாயிரம் கிலோமீட்டர் வழி தெரிந்து வந்த நமது குருவி அன்று வேலியை விட்டு வெளியே தலை நீட்டவில்லை. புத்திசாலி!

பொங்கலுக்கு மறுபடியும் வானம் தெளிந்துவிடும். 2015 முதல் தமிழகத்துப் பறவை அன்பர்கள் பொங்கல் விடுமுறை நாட்களில் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். இதற்குக் காட்டுக்கோ மலைக்கோ போக வேண்டுவதில்லை. அவரவர் வீட்டுக் கொல்லையிலோ மாடியிலோ கால் மணி நேரம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எழுதி, செல்போன் மூலமாக அனுப்பிவிட்டால் ஆயிற்று. பொங்கல் பொங்குவதற்குக் காத்திருக்கும் நேரத்தில் முடித்துவிடலாம். இந்தத் தையில் நம் கொல்லையில் கால் மணியில் எண்ணியவை: காக்கை ஒன்பது, மைனா நாலு, தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்று, செம்போத்து ஒன்று, தேன்சிட்டு இரண்டு, மீன்கொத்தி ஒன்று (கிணற்றில் மீன் உண்டென்று அதற்கு யார் சொன்னார்களோ), வேலிக்குள்ளிருந்து டக் டக் ஒன்று. குயில் ஒன்றைக் கண்டோம், கேட்கவில்லை. பனிக்காலத்தில் குயில் வாய் திறப்பதில்லை.

கொல்லை விருந்தாளி ஒருவர் என்றால் கழுவெளியில் வந்திறங்குவோர் பல்லாயிரவர். பறக்கும் ரயிலின் பெருங்குடி நிலையத்தருகே, வேளச்சேரிப் பக்கம் முகத்தைத் திருப்பி உட்கார்ந்தால், டிக்கெட்டுச் செலவிலேயே கொஞ்சம் பார்த்துவிடலாம். அகன்ற மூக்கினால் தண்ணீரைச் சலித்துச் சலித்து உண்ணும் தட்டைவாயன், வால் ஊசிபோல் நீண்ட ஊசிவால் வாத்து, இவை வடக்கத்தியார். நெற்றியில் வெள்ளை நாமம் தரித்த நாமக்கோழியும், நீலப் பட்டு உடுத்திச் சிவந்த கால்களால் கோரையை மிதித்து நடக்கும் தாழைக்கோழியும் நம்மவர். சில வருஷங்களில் பூநாரைகளும் கூட்டமாக வந்து நின்று, சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தும்படி செய்துவிடும்.

அதே ரயில் ஜன்னலிலிருந்து இன்னொன்றையும் பார்க்கலாம். 1980-களின் பிற்பகுதியிலிருந்து தென்சென்னையின் குப்பையெல்லாம் இந்தச் சதுப்பில் கொட்டப்பட்டு, 200 ஏக்கருக்கு மேல் மேடாகியது. 2022 ஏப்ரலில் அது தீப்பற்றி நாட்கணக்கில் எரிந்தபோது, பெருங்குடியில் ஜன்னலைத் திறக்க வழியில்லை. பழைய குப்பையைத் தோண்டிப் பிரித்து அகற்றும் வேலையை மாநகராட்சி மேற்கொண்டிருக்கிறது, நல்ல காரியம். கழுவெளியின் ஒரு பகுதி, 317 ஹெக்டேர், 2007-இல் காப்புக்காடாயிற்று. 2022-இல் 1,247 ஹெக்டேர் பரப்பு ராம்சார் ஒப்பந்தத்தின்கீழ் உலகம் மதிக்கும் சதுப்பு நிலங்களின் ஜாபிதாவில் சேர்ந்தது. ஆனால் பழைய கழுவெளி இதைப்போல் பன்மடங்கு பரந்து கிடந்தது. அதன் பெரும்பகுதியில் சாலையும் மாளிகையும் நாமும் உட்கார்ந்திருக்கிறோம்.

தண்ணீருக்கு ஞாபகம் அதிகம். 2015 டிசம்பரில் அது தன் பழைய இடத்தைத் தேடி வந்தது. 2019 ஜூனில் வரவே மறுத்தது. அப்போது இந்தச் சாலையிலுள்ள கம்ப்யூட்டர் கம்பெனிகள் சில, கைகழுவக்கூடத் தண்ணீரில்லாமல், சிப்பந்திகளை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லின. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு மறுபடி வந்து, பெருங்குடியிலும் வேளச்சேரியிலும் பள்ளிக்கரணையிலும் நாட்கணக்கில் தங்கிற்று. படகில் பால் வந்தது. வெள்ளமும் வறட்சியும் வெவ்வேறு வியாதிகள் என்று நினைப்பது தவறு. மழையை வாங்கிக்கொள்ள மண் இல்லாவிட்டால், பெய்தபோது தெருவிலும், பெய்யாதபோது லாரியிலும் அதைப் பார்க்க வேண்டியதுதான். 2003-இல் மழைநீர் சேகரிப்பு வீட்டுக்கு வீடு கட்டாயமாயிற்று. எல்லோரும் குழாயும் தொட்டியும் அமைத்தோம். பல வீடுகளில் அந்தத் தொட்டியைச் சுற்றி ஒரு சாண் மண்கூட விடாமல் சிமெண்டு பூசியும் முடித்தோம்.

நமது கிணறு 2019-லும் முற்றும் வற்றவில்லை. பதினாறாவது உறையில் ஒரு முழத் தண்ணீர் கிடந்தது. காலையில் எட்டு வாளி, மாலையில் எட்டு வாளி. தெருவில் பாதிப் பேர் வாங்கிப் போனார்கள். பெருமையாகச் சொல்லிக்கொள்வதற்கு நாம் செய்தது ஒன்றுமில்லை. நம் கொல்லையும் அடுத்த வீட்டுக் கொல்லையும், நடுவே அந்த வேலியும், வெறும் மண்ணாகக் கிடந்தன, அவ்வளவே.

அந்த அடுத்த வீடுதான் இந்தத் தையில் கைமாறியது. பழைய உரிமையாளர் காலமாகி, பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து வந்து விற்றுவிட்டுப் போனார்கள். வாங்கியவர் நல்ல மனிதர். வந்த அன்றே மஞ்சள் குங்குமத்தோடு நம் வீட்டுக்கு வந்து அறிமுகம் செய்துகொண்டார். நாலு மாடி, எட்டு வீடு, கீழே கார் நிறுத்த இடம். சென்னையில் யாருக்கும் வீடு வேண்டாமென்று சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

"இந்த வேலியை எடுத்துட்டு எட்டடிக்கு மதில் எழுப்பிடறோம், ஸார். பாம்பு, பூச்சி எதுவும் வராது. செலவு முழுக்க நம்முடையது" என்றார்.

"சந்தோஷம். சித்திரை வரையில் பொறுக்கலாமா?"

"ஏன் ஸார், ஏதாவது விசேஷமா?"

வேலிக்குள் ஒருவர் தங்கியிருக்கிறார் என்று சொன்னோம். அவர் திடுக்கிட்டு வேலியைப் பார்த்தார். அந்தச் சமயம் பார்த்து, டக், டக் என்று உள்ளிருந்து பதில் வந்தது. முழு விவரத்தையும் சொன்ன பிறகு சிரித்துவிட்டு, "குருவிக்காகவா!" என்றார். ஆயினும், "பிளான் பாஸாகிறதுக்கே பங்குனி ஆயிடும் ஸார், அது வரைக்கும் இருந்துட்டுப் போகட்டும்" என்று வரம் கொடுத்தார். செலவில்லாத வரந்தான். இருந்தாலும் கொடுத்தாரல்லவா?

பிறகு அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய்க் காட்டினோம். அவர் எட்டிப் பார்த்தார். ஐந்தாவது உறையில் அவர் முகம் தெரிந்தது. 2019-இல் அவர் இருந்த அடுக்குமாடி வீட்டில் லாரித் தண்ணீருக்கு மாதம் எத்தனை ரூபாய் கொடுத்தார்கள் என்று அவரே கணக்குச் சொல்ல ஆரம்பித்தார். தம் மனையின் பின்புறத்தில் இதே போல் ஒரு பழங்கிணறு மூடிக்கிடப்பது அவருக்குத் தெரியும். அதை மண் போட்டு நிரப்புவதாக இருந்த யோசனையை விட்டுவிடுவதாக அங்கேயே சொன்னார். வேலியோரமாக ஐந்தடி அகலம் சிமெண்டு பூசாமல் மண்ணாக விட்டு, இரண்டு பேருமாக மருதாணி வைத்துவிடலாமே என்று நாம் மெள்ளப் போட்டோம். "இன்ஜினீயரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்றார். இன்ஜினீயர் அந்த ஐந்தடியில் ஒரு கார் நிற்குமென்று சொல்லியிருக்கிறார். பேச்சு இன்னும் முறியவில்லை.

இப்போது மாசி. பின்பனி. இரவு பத்து மணிக்குப் புல் உலர்ந்தே இருக்கிறது. நாலு மணிக்கு மேல்தான் நனைகிறது. நாட்டுவாதுமை மரம் தன் பெரிய இலைகளை ஒவ்வொன்றாகச் சிவக்க வைத்துத் தொப்பென்று போடுகிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இலையுதிர் கால வர்ணங்களைப் பார்க்கக் காசு செலவழித்துப் போகிறார்களாம். நாம் துடைப்பத்தோடு போகிறோம். மாமரம் பூத்து, கொல்லை முழுவதும் இனிப்பும் புளிப்புமாக ஒரு மணம். ஈக்கள் மொய்க்கின்றன, அவை மொய்த்தால்தான் காய். குயில் சென்ற வாரம் ஒரு நாள் விடியலில் அரைக்குரலில் கூவிப் பார்த்து, சுருதி சேரவில்லை என்பதுபோல் நிறுத்திக்கொண்டது. கிணறு ஆறாவது உறைக்கு இறங்கியிருக்கிறது. கழுவெளியில் ஓரங்கள் சேறாகி, வாத்துகள் நடுவே நெருங்கிக் கூடுகின்றன.

நேற்றுப் பதினொரு மணிக்கு இரண்டு பேர் அளவு நாடாவும் சுண்ணாம்புப் பொட்டலமும் கொண்டு அடுத்த மனைக்கு வந்தார்கள். மூலைக்கு மூலை அளந்து, வேலியின் அடியில் நொச்சிக்கும் மருதாணிக்கும் நடுவே ஒரு மரமுளையை அடித்தார்கள். சுத்தியல் விழுந்ததும் டக் டக் நின்றது. அவர்கள் நிழலில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போய்ச் சுமார் பத்து நிமிஷம் இருக்கும். முளைக்கு மூன்றடி தள்ளி மறுபடியும் தொடங்கிற்று. மாவடு இன்னும் மிளகளவுதான் இருக்கிறது.